ஒரே கிளாஸ், இரண்டு பக்கங்கள்: புத்தகப் பட்டியலில் போன வார இறுதி

வீட்டில் இருக்கும் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் செயலியை வார இறுதிகளில் எழுதி வருகிறேன். மைக்ரோசாஃப்டின் வலைப்பக்கத் தொழில்நுட்பமான ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸ், சி ஷார்ப் நிரல்மொழி. 2002-இல் வந்த தொழில்நுட்பம்தான், ஆனால் கைக்குப் பழகியது. பட்டியல் பக்கம் முன்பே ஓடிக்கொண்டிருந்தது: மேலே தேடும் பெட்டி, நடுவில் புத்தகங்களை அட்டவணையாகக் காட்டும் கிரிட்வியூ, ஓரத்தில் எத்தனை புத்தகம் என்று காட்டும் லேபிள். போன சனிக்கிழமை திருத்தும் பக்கத்தைத் தொடங்கினேன். தரவுத்தளத்தைத் திறப்பது, புத்தகங்களை எடுத்து வருவது, பிழை வந்தால் திரையில் சொல்வது எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். அதனால் பட்டியல் பக்கத்தை அப்படியே நகலெடுத்துக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவில் நகலெடுத்ததும் ஏஎஸ்பிஎக்ஸ் (பக்கத்தின் அமைப்பு இருக்கும் கோப்பு), அதன் கோட் கோப்பு, டிசைனர் கோப்பு (பக்கத்தில் உள்ள பெட்டி, பொத்தான்களின் பெயர்கள் இருப்பது) மூன்றும் சேர்ந்து வந்தன. பில்ட் செய்தால் பிழைகள் வரிசையாக நின்றன. பக்கம் திறக்கும்போது ஓடும் பேஜ்_லோடு ஏற்கெனவே இருக்கிறதாம், கிரிட்வியூவும் ஏற்கெனவே இருக்கிறதாம். கோப்பின் பெயர் மாறினாலும் உள்ளே கிளாஸின் (ஒரு பக்கத்தின் கோடை ஒன்றாகக் கட்டிவைக்கும் அலகு) பெயர் பழையதுதான் என்பது காரணம். 2005-இல் ஏஎஸ்பி.நெட் 2.0 வந்ததிலிருந்து இவை பார்ஷியல் கிளாஸ்கள், அதாவது பல கோப்புகளில் பிரித்து எழுதக்கூடியவை. ஒரே பெயரில் இரண்டு பார்ஷியல் கிளாஸ் இருந்தால் கம்பைலர் அவற்றை ஒரே கிளாஸின் துண்டுகள் என்று எடுத்துக்கொண்டு ஒட்டப் பார்க்கும்.

சரி, இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று நகலின் கோட் கோப்பையும் டிசைனர் கோப்பையும் அழித்தேன். திருத்தும் பக்கத்தின் முதல் வரியில் கோட்பிஹைண்ட் (எந்தக் கோட் கோப்பு), இன்ஹெரிட்ஸ் (எந்தக் கிளாஸிலிருந்து வருகிறது) இரண்டும் பழைய பட்டியல் கிளாஸையே காட்டின. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஒரு மணி நேரம் போனது இதில்தான். வெப் அப்ளிகேஷன் வகைத் திட்டத்தில் கோட்பிஹைண்ட் என்பது விஷுவல் ஸ்டூடியோவுக்கான குறிப்பு மட்டுமே. பக்கம் ஓடும்போது சர்வர் பார்ப்பது இன்ஹெரிட்ஸை. நான் கோட்பிஹைண்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பில்ட் ஆனது. பட்டியல் பக்கம் சரியாக வந்தது. திருத்தும் பக்கத்தைத் திறந்ததும் நல் ரெஃபரன்ஸ் பிழை (இல்லாத ஒன்றைப் பயன்படுத்தப் பார்த்தால் வருவது), கிரிட்வியூவில் தரவை நிரப்பும் வரியில். அந்தப் பக்கத்தில் கிரிட்வியூ இல்லை, நானே எடுத்துவிட்டேன். கிரிட்வியூ நல் ஆக, அதாவது வெற்றாக, இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக ஒரு இஃப் போட்டேன். அப்புறம் லேபிளுக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று. கடைசியில் தேடும் பெட்டியை அந்தப் பக்கத்தில் மட்டும் டிராப்டவுன்லிஸ்ட் ஆக்கினேன், ஐடி அதேதான். இந்த முறை பக்கம் பார்ஸ் ஆகவே மறுத்தது, சர்வரால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை: பேஸ் கிளாஸில் அந்தப் பெயரில் ஃபீல்டு (மதிப்பை வைத்துக்கொள்ளும் இடம்) இருக்கிறது, ஆனால் அதன் வகை இந்தக் கன்ட்ரோலின் (பெட்டி, பொத்தான் போன்ற பக்க உறுப்பு) வகையோடு பொருந்தவில்லை.

பேஸ் கிளாஸ், அதாவது இன்னொரு கிளாஸுக்கு மூலமாக இருக்கும் கிளாஸ், என்ற அந்தச் சொல்லில்தான் நின்றேன். நான் எந்தப் பேஸ் கிளாஸும் எழுதவில்லையே?

டிபக் (debug, பிழை தேடும்) முறை இயக்கத்தில் இருந்ததால், சர்வர் ஒவ்வொரு ஏஎஸ்பிஎக்ஸுக்கும் உருவாக்கும் சி ஷார்ப் கோடு தற்காலிக ஏஎஸ்பி.நெட் கோப்புகளின் ஃபோல்டரில் அப்படியே இருந்தது. திறந்து படித்தேன். எடிட்_ஏஎஸ்பிஎக்ஸ் என்று ஒரு கிளாஸ், முக்காற்புள்ளி, பக்கத்தில் என் பட்டியல் கிளாஸின் பெயர். நான் எழுதிய கிளாஸ்தான் தாய், ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பு அதன் பிள்ளை. கொஞ்சம் கீழே ஒவ்வொரு கன்ட்ரோலையும் உருவாக்கும் மெத்தட்கள் (ஒரு வேலையைச் செய்யும் கோடு துண்டுகள்). கன்ட்ரோலைப் படைத்ததும் தாயிடமிருந்து வந்த ஃபீல்டில் அதைப் போட்டுவைக்கும் ஒரு வரி. திருத்தும் பக்கத்தின் கோப்பில் கிரிட்வியூவுக்கு அந்த வரியே இல்லை. ஃபீல்டு தாயிடம் இருக்கிறது, நிரப்ப ஆளில்லை, அதனால் நல். இதைக் கண்ணால் பார்த்ததும் அவ்வளவு நிம்மதி. எத்தனையோ வருடமாக இந்த முதல் வரியைப் படிக்காமலே கடந்திருக்கிறேன்.

ஆக, பொதுவான வேலை தாயிடம் இருக்கக் கூடாது, பாட்டியிடம் போக வேண்டும். ஞாயிறு காலை புதிதாக ஒரு ஆப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் (நேரடியாகப் பயன்படாமல் பிற கிளாஸ்களுக்கு மூலமாக மட்டும் இருப்பது) எழுதினேன், ஏஎஸ்பி.நெட்டின் சொந்தப் பக்கக் கிளாஸான சிஸ்டம்.வெப்.யுஐ.பேஜிலிருந்து வருவது. பெயர் புத்தகப்பக்கம், தமிழிலேயே. சி ஷார்ப் யூனிகோடு பெயர்களை ஏற்கும். தரவுத்தள வேலைகள் அங்கே போயின. பட்டியல், திருத்தம் இரண்டுக்கும் தனித்தனிக் கிளாஸ், தனித்தனி டிசைனர் கோப்பு, இரண்டும் புத்தகப்பக்கத்தின் பிள்ளைகள். பிழைச் செய்தியைக் காட்ட மட்டும் பேஸ் கிளாஸுக்கு ஒரு லேபிள் வேண்டும். அதற்கு ஒரு ஆப்ஸ்ட்ராக்ட் ப்ராப்பர்ட்டி (பிள்ளைகள் கட்டாயம் நிரப்ப வேண்டிய பண்பு) வைத்து, எந்த லேபிள் என்பதை ஒவ்வொரு பக்கமே சொல்லும்படி செய்தேன். இஃப்கள் எல்லாம் போய்விட்டன. (வெப்சைட் வகைத் திட்டம் வைத்திருப்பவர்கள் இந்தப் பேஸ் கிளாஸை ஆப்_கோட் ஃபோல்டரில் வைக்க வேண்டும். வேறொரு பக்கத்தின் கோட் கோப்புக்குள் வைத்துவிட்டு அது கண்ணில் படும் என்று நம்ப முடியாது.)

ஓட்டினேன். பிழை இல்லை, ஆனால் கிரிட்வியூவும் இல்லை. பட்டியல் பக்கத்தின் பேஜ்_லோடில் பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கும் குறி) வைத்தேன், அங்கே நிற்கவே இல்லை. புத்தகப்பக்கத்தில் ஆன்லோடு என்ற மெத்தட்டை ஓவர்ரைடு செய்து, அதாவது மூலத்தில் இருப்பதற்குப் பதில் என்னுடையதை எழுதி, புத்தகங்களை எடுத்தேன், அதில் பேஸ்.ஆன்லோடை அழைக்க மறந்திருக்கிறேன். லோடு ஈவென்ட்டை எழுப்புவது அந்த மூல ஆன்லோடுதான். அதை அழைக்காவிட்டால் பிள்ளைகளின் பேஜ்_லோடு எதுவும் ஓடாது, எச்சரிக்கையும் வராது. அவசரத்தில் அதை முதல் வரியாகச் சேர்த்தேன், உடனே மீண்டும் நல். பேஜ்_லோடு ஓடும் நேரத்தில் புத்தகங்கள் இன்னும் வந்து சேரவில்லை. புத்தகங்களை எடுத்த பிறகு, கடைசி வரியாக வைத்ததும் எல்லாம் ஒழுங்காக வந்தது.

நடுவில் ஆன்லோடை விட்டுவிட்டு, பேஸ் கிளாஸிலும் பிள்ளையிலும் பேஜ்_லோடு என்றே எழுதிப் பார்த்தேன். பிள்ளையின் மெத்தட் பேஸின் மெத்தட்டை மறைக்கிறது என்று கம்பைலர் எச்சரித்தது, பிள்ளையுடையது மட்டும் ஓடியது. பொது வேலைக்கு ஆன்லோடு ஓவர்ரைடே சரி.

மாலையில் மூன்றாவது பக்கத்தையும் எழுதிவிட்டேன், நண்பர்களுக்குக் கடன் கொடுத்த புத்தகங்களின் பட்டியல். அதன் கோட் கோப்பு இருபது வரிகூட வரவில்லை. அடுத்த வாரம் தேடும் பெட்டியை ஒரு யூசர் கன்ட்ரோலாக, பல பக்கங்களில் வைக்கக்கூடிய தனித் துண்டாக, பிரிக்க வேண்டும்.