போர்லி பாதிரியார் பங்களா: நாட்குறிப்பு

பிப்ரவரி 20
இந்த வாரம் எப்படியும் போர்லி போயிடணும். இங்கிலாந்து வந்ததுலருந்து மனசுல இருக்கு. எஸ்ஸெக்ஸ்ல சின்ன கிராமம், சர்ச்சுக்கு எதிர்ல 1862ல ஹென்றி புல்ங்கிற பாதிரியார் பெரிய பங்களா கட்டினாரு, பின்னாடி அது பேய் வீடுன்னு பேர் வாங்கிடுச்சு. ரொம்ப காலத்துக்கு முன்னாடி அந்த இடத்துல இருந்த மடத்துத் துறவி ஒருத்தரும் ஒரு கன்னியாஸ்திரியும் ஓடிப்போகப் பார்த்து மாட்டிக்கிட்டாங்க, அவரைத் தூக்குல போட்டு அவளை உயிரோட சுவத்துக்குள்ள வச்சுக் கட்டிட்டாங்கன்னு கதை. 1900 ஜூலை 28 சாயங்காலம் புல்லோட பொண்ணுங்க நாலு பேரு தோட்டத்துல அந்த கன்னியாஸ்திரியோட ஆவியைப் பார்த்து பேசலாம்னு கிட்ட போனாங்களாம், ஆளைக் காணோம்.

பிப்ரவரி 21
ராத்திரி முழுக்க அந்த பங்களா சுவத்துல தானா வந்துச்சுன்னு சொல்ற எழுத்தோட போட்டோவையே பார்த்துட்டு இருந்தேன். பென்சில் கிறுக்கல், பாதிக்கு மேல படிக்க முடியல, ஆனா ஒரு இடத்துல "மேரியான் ப்ளீஸ் ஹெல்ப்"னு நல்லாவே தெரியுது. மேரியான் ஃபாய்ஸ்டர் 1930லருந்து அஞ்சு வருஷம் அங்க இருந்தவங்க, புருஷன் அவங்களைவிட இருபது வயசுக்கு மேல பெரியவர், மூட்டுவலிக்காரர், அவ்ளோ பெரிய வீட்ல கரண்ட் கூட இல்ல. அவங்களே எழுதினாங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க. இருக்கட்டுமே, எழுதினது யாரா இருந்தாலும் உதவின்னு கேட்ட கை அது, எனக்கு அதுதான் பேயை விட பயமா இருக்கு.

பிப்ரவரி 23
போயிட்டு வந்தேன். பங்களா இல்ல, தெரிஞ்சுதான் போனேன். 1939 பிப்ரவரி 27 ராத்திரி எண்ணெய் விளக்கு சாஞ்சு எரிஞ்சு போச்சு, 1944ல மிச்சத்தையும் இடிச்சுட்டாங்க. இப்போ அங்க மத்தவங்க வீடு, ஜன்னல்ல திரை போட்டிருந்துச்சு, நின்னு பார்க்கவே கூச்சமா இருந்துச்சு. சர்ச் மட்டும் அப்படியே இருக்கு. வாசலுக்குப் போற பாதையில வெட்டிவிட்ட யூ மரங்க, கையால தொட்டா ஜில்லுனு ஈரம்.

பிப்ரவரி 24
ஹாரி பிரைஸ்னு ஒரு பேய் ஆராய்ச்சிக்காரர் 1937ல அந்த வீட்டை ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்து 48 பேரை வச்சு கண்காணிச்சார். 1956ல வந்த ஆராய்ச்சி அறிக்கை அவர் மேலயே சந்தேகப்பட்டுச்சு. அங்க மடமே இருந்ததில்லன்னு தெரிஞ்சப்பறம் கன்னியாஸ்திரி கதைக்கு அடிப்படையே இல்ல. ஆனா 1943ல நிலவறையைத் தோண்டினப்போ கொஞ்சம் எலும்பு கிடைச்சுது, பொண்ணோடதுன்னு பிரைஸ் நம்பினாரு, பன்னியோடதுன்னு ஊர்க்காரங்க. போர்லில புதைக்க விடல, பக்கத்து ஊர் லிஸ்டன்ல கொண்டுபோய் புதைச்சாங்க.

அடுத்த சனிக்கிழமை லிஸ்டன் போறேன், பூ வாங்கிட்டு.