ஆயிர விளக்குக் கோயிலில் மனத்தை அமர்த்துதல்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக்காரர்கள் இதை ஆயிர விளக்குக் கோயில் என்பார்கள். முறையான பெயர் சாக்கியமுனி புத்தகயா கோயில். ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சில நிமிடம் நடந்தால் போதும். சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே நடந்தும் வரலாம். 1927இல் வுத்திசாரர் என்ற தாய்லாந்துத் துறவி நிறுவிய கோயில் இது. வாசலில் புலியும் சிறுத்தையும் காவல் இருக்க, உள்ளே 15 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 300 டன் எடையில், விளக்குகள் சூழ அமர்ந்திருக்கிறார் புத்தர்.

பெரும்பாலோர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மனம் வருந்த வேண்டிய விஷயம். வலமாக வந்து, பீடத்தைச் சுற்றித் தீட்டியிருக்கும் புத்தர் வாழ்க்கைக் காட்சிகளை வரிசையாகப் பாருங்கள். சிலைக்குப் பின்புறம் தாழ்வான ஒரு வாசல் உண்டு. குனிந்து நுழைந்தால் சிறிய அறை, அதற்குள் பள்ளிகொண்ட புத்தர். நம்மை அறியாமலே குரல் தணிந்துவிடும் இடம் அது.

அதன் பிறகு கூடத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓரமாக உட்காருங்கள். பாதம் சிலையை நோக்கி நீளக் கூடாது. ஒரு துண்டை நான்காக மடித்து பிட்டத்துக்குக் கீழே வைத்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரும், முதுகு தானாக நிமிரும். முதல் நாளுக்கு 15 நிமிடம் தாராளம். வேலைநாள் காலை நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த வட்டாரத்துக் கூட்டம் புதியவருக்குக் கடினம்.

மூச்சு மூக்கு நுனியில் படுமிடத்தைக் கவனிப்பதுதான் ஆனாபானசதி என்ற பௌத்தத் தியானம். நம்மவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, பிராணாயாமப் பழக்கத்தில் மூச்சை இழுத்து நிறுத்துவது. இதில் மூச்சை அடக்குவதில்லை. நீண்டால் நீண்டது என்று அறிய வேண்டும், குறுகினால் குறுகியது என்று அறிய வேண்டும், அவ்வளவுதான். மூச்சை எண்ணுவதாக இருந்தால் ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல் எண்ணச் சொல்கிறார் பழைய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர். ஐந்துக்குள் நிறுத்தினால், நெருக்கமான பட்டியில் அடைத்த மாடுகள்போல் மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டினாலோ மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும்.

எண்ணம் ஓடத்தான் செய்யும். ஓடினால் என்ன செய்வது என்பதற்கு புத்தர் உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சுத்தம் (உரை) ஐந்து வழிகளை வரிசையாகத் தருகிறது. இதில் வரிசைதான் உயிர். முதலில் மாற்று: தச்சர் பெரிய ஆப்பைச் சிற்றாப்பால் அடித்து வெளியேற்றுவதுபோல, கோபம் வந்த இடத்தில் மைத்ரியை, அதாவது அன்பை, வைப்பது. யார்மேல் கோபமோ அவரிடமே தொடங்க வேண்டாம். பிரியமானவரில் தொடங்கி மெல்ல அவரிடம் வாருங்கள். அது நடக்காவிட்டால் அந்த எண்ணத்தின் கேட்டைப் பார்க்க வேண்டும். சிங்காரித்துக்கொண்ட இளைஞர் கழுத்தில் பிணத்தைத் தொங்கவிட்டால் எப்படி அருவருப்பாரோ, அப்படி. மூன்றாவது, பார்க்க விரும்பாததிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வதுபோல அதைக் கவனிக்காமல் விடுவது.

நான்காவது வழிதான் நகரத்து மனத்துக்கு மிகவும் பொருந்துகிறது. வேகமாக நடப்பவர், ‘ஏன் இவ்வளவு வேகம்?’ என்று மெதுவாகிறார். பிறகு நிற்கிறார், உட்காருகிறார், படுக்கிறார். எண்ணத்தையும் அப்படியே பின்னோக்கித் தொடரலாம். அலுவலகச் சண்டை நினைவு எங்கிருந்து வந்தது? மேலதிகாரியின் முகத்திலிருந்து. அது? வெளியே ஒலித்த ஒரு கைத்தொலைபேசியிலிருந்து. ஒலி வரை வந்து சேர்வதற்குள் சண்டை பாதி கரைந்திருக்கும். இந்த விசாரணை இரண்டு மூன்று கேள்விகளுக்குமேல் நீண்டால் அதுவே புதுக் கதையாகிவிடும். உடனே மூச்சுக்குத் திரும்புங்கள்.

பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தால் மனத்தை அடக்குவது ஐந்தாவதுதான், மற்றவை பலிக்காதபோது மட்டும். பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். தலை வலிக்கிறது, தாடை இறுகுகிறது, தியானம் நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறார்கள். பாதம் புண்ணாகும்வரை நடந்து பயின்ற சீடர் சோணருக்குப் புத்தர் வீணையைத்தான் காட்டினார்: தந்தி அதிகம் முறுக்கினாலும் ஓசை கெடும், தளர்ந்தாலும் கெடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வந்தால் தூக்கம்தான் எதிரி. சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன உபாயங்கள் இன்றும் பயன்படும்: காதை இழுத்துவிட்டு உடம்பைத் தேய்ப்பது, எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவித் திசைகளைப் பார்ப்பது, அதற்கும் மேல் நடப்பது. இந்தக் கூடத்தில் நடைத் தியானத்துக்கு வசதி குறைவு. செயின்ட் மைக்கேல்ஸ் ரோட்டிலுள்ள ஸ்ரீ லங்காராமய பௌத்தக் கோயிலுக்குப் போய்விடுங்கள். அங்கே போதிமரம் இருக்கிறது, நம் அரசமரமேதான். 15 அடி தூரத்தைக் குறித்துக்கொண்டு, தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன் என்று அறிந்து நடந்து, முனையில் ஒரு மூச்சு நின்று, திரும்புங்கள்.