சித்ரோயன் எஸ்எம் கார்களைத் தேடிப் பதியிற வேலை: செசி நம்பர் காணாம கணக்கில எடுக்கிறேல்ல

சித்ரோயன் எஸ்எம் 1970ல இருந்து 1975 வரைக்கும் மொத்தம் 12,920 செய்திருக்கிறாங்கள். வருசக் கணக்கும் தெளிவா இருக்கு, 1970ல 868, 1971ல 4,988, 1972ல 4,036, 1973ல 2,619, பிறகு எண்ணெய் விலை ஏறின கையோட 1974ல 294, கடைசி வருசம் 115. செய்த கணக்கு இவ்வளவு சுத்தமா இருக்க, மிச்சம் எத்தினை இருக்கெண்டு கேட்டா மட்டும் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லுவினம், எனக்கு அது பொறுக்கேல்ல. நான் பாரிசுக்கு வெளியில ஒரு கராஜில மெக்கானிக், ஹைட்ரோலிக் சித்ரோயன் வேலை அங்கதான் பழகினது. யாழ்ப்பாணத்தில பெற்றோல் இல்லாத காலத்தில ஏ40யையும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில ஓட்டினதைப் பாத்து வளந்த ஆள், அதால ஒரு காரை செத்துப் போச்செண்டு லேசில எழுத எனக்கு மனம் வராது, அதே மாதிரி உயிரோட இருக்கெண்டும் சும்மா எழுத ஏலாது. இந்த ரெண்டுக்கும் நடுவிலதான் நாங்கள் கொஞ்சப் பேர் சேந்து ஒரு பதிவேடு தொடங்கினம். அதை எப்பிடிச் செய்தம் எண்டதை எழுதி வைப்பம், வேற கார் வச்சு இதே வேலை செய்ய நினைக்கிற ஆக்களுக்கு உதவும்.

தெரியாத ஆக்களுக்கு: 1968ல சித்ரோயன் மசராட்டிக் கொம்பனியைத் தன்ர கைக்குள்ள கொண்டு வந்தது, அந்தக் கூட்டில பிறந்த கார்தான் எஸ்எம். வடிவமைச்சவர் றொபேர் ஒப்ரோன். என்ஜின் மசராட்டி வி6, 2670 சிசி, 170 குதிரைச் சக்தி. ஏன் தொடக்கத்தில 3 லீட்டர் போடாம 2.7ல நிப்பாட்டினவங்கள் எண்டா இஞ்சத்த வரிதான் காரணம், வரிக்கெண்டு போடுற குதிரைச் சக்திக் கணக்கு 15 சிவிக்கு மேல போனா வருச வரி கண்டபடி ஏறும். மணிக்கு 220 கிலோமீற்றர் ஓடும், முன் சில்லு இழுக்கிற கார் அந்த நேரம் அப்பிடி ஓடினதே பெரிய விசயம். ஸ்டியரிங்கை விட்டா நிண்ட இடத்திலயே தானா நேராகும். முன்னுக்கு ஒரு முழு நீளக் கண்ணாடி, அதுக்குள்ள ஆறு லைட், உள் லைட் ரெண்டும் ஸ்டியரிங்கோட சேந்து திரும்பும், நம்பர் பிளேட்டும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால நடுவில இருக்கும். அமெரிக்காவுக்குப் போனதுக்கு அந்தக் கண்ணாடி இல்ல, வெளியில நாலு வட்ட லைட் மட்டும். பிறகு பெஜோ வந்து சித்ரோயனை எடுத்தது, கடைசிக் கொஞ்சக் கார் விஷிக்குப் பக்கத்தில இருந்த லிஜியே தொழிற்சாலையில செய்ததோட கதை முடிஞ்சுது.

பிரெஞ்சு ஜனாதிபதிக்கு கார் பொடி கட்டுற ஷப்ரோன் செய்து குடுத்த நாலு கதவுத் திறந்த கார் ரெண்டு இருக்குத்தானே, 1972ல எலிசபெத் மகாராணி வரேக்க முதல் இறக்கினது, 1995ல சிராக் பதவியேற்றதும் அதிலதான், அதுகளைத் தேட வேண்டிய தேவை ஒருத்தருக்கும் இல்ல. தேட வேண்டியது ஒரு டொக்டரோ நொத்தாரிசோ 1972ல புதுசா வாங்கி, எண்பதுகளில மெக்கானிக் காசு கட்டேலாம ஒரு மூலையில விட்ட சாதாரணக் காரைத்தான். அந்த என்ஜினில டைமிங் செயினை காலத்துக்குக் காலம் பாத்து இறுக்காட்டி முழு என்ஜினும் போகும், அந்தச் செலவு காரின்ர விலையையே தாண்டின காலம் ஒண்டு இருந்தது. அதுக்கு மேல 1994ல பிரதமர் பலதூரின்ர அரசாங்கம் பத்து வருசத்துக்கு மேற்பட்ட காரை உடைக்கக் குடுத்துப் புதுக்கார் வாங்கினா 5,000 பிராங்க் எண்டு அறிவிச்சது, பிறகு வந்த பிரதமர் ஜுப்பே காலத்திலயும் அதே மாதிரி ஒண்டு வந்தது. அந்த ரெண்டு திட்டத்துக்குள்ளயும் எவ்வளவு நல்ல கார் நசுங்கிப் போச்செண்டு நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

சரி, வேலைக்கு வருவம். முதல்ல கையில கிடைச்சதெல்லாத்தையும் சேத்தம். பழைய கிளப் லிஸ்ட், ஏலக் கட்டலொக், பழைய விளம்பரம், கல்யாணப் படத்தில பின்னுக்கு நிக்கிற கார், ரெத்ரோமொபில் கண்காட்சியில சந்திச்ச ஆக்கள் தந்த கடதாசி எல்லாம். எல்லாத்தையும் ஒரு அட்டவணையில போட்டா லிஸ்ட் நல்லா நீளுது, பாக்கச் சந்தோசமா இருக்கும், ஆனா அந்த நீளம் பொய். ஏனெண்டா பழைய லிஸ்ட் எழுதின ஆக்கள் நம்பர் பிளேட்டை வச்சுத்தான் எழுதியிருக்கினம். இஞ்ச 2009க்கு முந்தி இருந்த முறையில நம்பரின்ர கடைசி ரெண்டு இலக்கம் திப்பார்த்மோ, அதாவது மாவட்டம், கார் வேற திப்பார்த்மோவுக்குப் போனா புது நம்பர் குடுப்பாங்கள். லியோன்ல 69ல முடியிற நம்பரோட புதுசா இறங்கின கார் நீஸ்காரன் ஒருத்தன் வாங்கினா 06 ஆகும், அவன் பாரிசுக்கு வித்தா 75 ஆகும். 2009ல புது முறை வந்தாப் பிறகு கை மாறினா நாடு முழுக்க ஒரே மாதிரியான, காரின்ர சீவியம் முடியுமட்டும் மாறாத நம்பர் ஒண்டு. அப்ப ஒரே காருக்கு நாலு நம்பர் இருக்கலாம், லிஸ்டில அது நாலு காரா உயிரோட நிக்கும். நாங்கள் பிரிச்சுப் பாக்கத் தொடங்கின உடன லிஸ்ட் சுருங்கத் தொடங்கிச்சு, கூட இருந்த ஒருத்தருக்கு அது மனவருத்தமாவே போச்சு, எனக்கெண்டா அப்பதான் வேலை சரியாப் போகுதெண்டு நம்பிக்கை வந்தது.

ஆனா பழைய நம்பரை வீசக் கூடாது. அதுதான் காரின்ர பயணத்தைக் காட்டும். 1978ல எடுத்த ஒரு படத்தில கண்ணாடிக்குப் பின்னால 63 எண்டு தெரிஞ்சா அந்த நேரம் கார் க்ளெர்மோன் ஃபெரோன் பக்கம் இருந்திருக்கு, அப்ப அந்தப் பக்கத்துப் பழைய சித்ரோயன் மெக்கானிக் ஆராவது இருக்கினமோ எண்டு விசாரிக்கலாம். இந்த ஓய்வெடுத்த மெக்கானிக்மார்தான் எனக்குக் கிடைச்ச பெரிய பொக்கிசம், காரின்ர சொந்தக்காரனை மறந்திருப்பினம், ஆனா எந்தக் காருக்கு எந்தப் பம்ப் மாத்தினது எண்டதை இப்பவும் சொல்லுவினம்.

அடையாளம் எண்டு நாங்கள் ஏற்கிறது செசி நம்பரை மட்டும்தான். எஸ்எம்மில அதைப் பாத்த உடனயே பாதிக் கதை தெரியும், எஸ்பி எண்டு வந்தா காபரேற்றர் வச்ச 2.7, எஸ்சி எண்டா 1972 நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பொஷ் இன்ஜெக்சன், எஸ்டி எண்டா ஒட்டோமற்றிக் கியரோட வந்த 3 லீட்டர். பொனட்டைத் திறந்தா கொம்பனி பிளேட் இருக்கும், உடம்பில நேரடியா அடிச்ச நம்பரும் இருக்கும், ரெண்டையும் கார்த் கிறீசில, அதாவது காரின்ர பதிவுக் கடதாசியில, இருக்கிறதோட ஒப்பிட வேணும். மூண்டும் ஒண்டெண்டா கவலையில்ல. பிளேட்டைப் பிடிச்சிருக்கிற ரிவெட் புதுசா மினுங்கினா, இல்லாட்டி அடிச்ச நம்பரைச் சுத்தி வெல்டிங் தடம் தெரிஞ்சா அதை அப்பிடியே குறிப்பில எழுதுவம், ஆரையும் கள்ளன் எண்டு சொல்லுறேல்ல, கண்டதை மட்டும் எழுதுறது.

என்ஜின் நம்பரை வேற கட்டத்தில போடுறம், காரணம் இந்த என்ஜின் கனக்க இடம் மாறினது. எஸ்எம்முக்கு வந்த அதே வி6 குடும்பம்தான் மசராட்டி மெராக்கிலயும் லிஜியே ஜேஎஸ்2விலயும் இருக்கு, அதால என்ஜினுக்காகவே உடைச்ச எஸ்எம் இருக்கு, மெராக் என்ஜினோட ஓடுற எஸ்எம்மும் இருக்கு. நிறமும் அப்பிடித்தான். பொனட் அலுமினியம், கறள் பிடிக்காது, அதால செத்த காரின்ர பொனட் இன்னொரு காரில போய் நிக்கும், பொனட்டுக்கு அடியில பழைய நிறத்தைக் கண்டுட்டு இதுதான் காரின்ர முதல் நிறம் எண்டு எழுதினா பிழை. கதவுச் சட்டத்துக்கு உள்பக்கம், டாஷ்போட்டுக்கு அடியில, கம்பளத்துக்குக் கீழ எல்லாம் ஒரே நிறம் தெரியோணும், கொம்பனி நிறக் குறியீட்டு நம்பரோடயும் ஒத்து வரோணும், அப்பதான் ஊர்ஜிதம்.

நேர போய்ப் பாக்கிறதுதான் இதில கஷ்டமும் சந்தோசமும். கன காலம் நிண்ட எஸ்எம்மில ஹைட்ரோலிக் அமுக்கம் இறங்கி கார் முழுசா நிலத்தில குந்தியிருக்கும், கீழ கை போகாது, ஜாக் போகாது. முன் பிரேக் டிஸ்க் சில்லில இல்ல, உள்ள கியர்பெட்டியோட ஒட்டி இருக்கும், அது இறுகினா சில்லைக் கழட்டியும் விடுவிக்கேலாது. க்ரேஸ் பக்கம் ஒரு தோட்டக் களஞ்சியத்தில பாத்த காருக்கு மேல வைக்கல் கட்டு, சைக்கிள், பழைய கதவு எல்லாம் ஏத்தி வச்சிருந்தினம். வீட்டுக்காரம்மாவுக்கு எண்பது தாண்டியிருக்கும், புருசன் போனாப் பிறகு ஒருத்தரும் திறக்கேல்லயாம். பொனட் கேபிள் அறுந்து போயிருந்தது. நான் அண்டைக்கு அதை நெம்பித் திறக்கேல்ல, திரும்பி வந்து, சரியான சாமானோட பிறகொரு நாள் போய் அவவின்ர மகனும் நிக்கத்தக்கதாத் திறந்தன். பச்சை எல்எச்எம் ஹைட்ரோலிக் ஒயில் போத்திலில இன்னும் கொஞ்சம் இருந்தது, பிளேட்டும் அடிச்ச நம்பரும் கார்த் கிறீசும் ஒண்டுக்கொண்டு ஒத்துப்போச்சு, எஸ்பி, 1971, முதலாவது சொந்தக்காரரே வச்சிருந்த கார். எந்த லிஸ்டிலயும் இல்லாத கார் அது! அந்தச் சந்தோசம் எனக்கு எந்தச் சம்பளத்திலயும் கிடைக்கேல்ல.

மகன் உடன கேட்டவர் இது என்ன விலை போகும் எண்டு. இதில எங்களிட்ட ஒரு கட்டுப்பாடு இருக்கு, பதியிற ஆள் விலை சொல்லுறேல்ல, வாங்கிறேல்ல, வாங்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாறதும் இல்ல. சிலருக்கு இது தேவையில்லாத கண்டிப்பாத் தெரியும். ஆனா ஒருக்கா எங்கட ஆள் ஒருத்தரின்ர குறிப்பு வெளியில போய், ஒரு வியாபாரி அதில இருந்த காரின்ர சொந்தக்காரரான வயசுபோன மனுசனிட்ட அடிமாட்டு விலைக்குக் காரைத் தூக்கிக்கொண்டு போனார், அதுக்குப் பிறகு அந்த ஊரில வேற ஒருத்தரும் எங்களுக்குக் களஞ்சியம் திறக்கேல்ல. அதால இப்ப வெளியில காட்டுற லிஸ்டில செசி நம்பரின்ர கடைசி மூண்டு இலக்கம் மறைச்சிருக்கும், பேர் இல்ல, ஊர் இல்ல, திப்பார்த்மோவும் இல்ல. தனியாள் விபரம் வைக்கிறதெண்டா இஞ்ச சட்டமும் கடுமை, சொந்தக்காரர் கேட்டா தன்ர விபரத்தை அழிப்பிக்கலாம், அதை முதல் நாளே அவருக்குச் சொல்லிப்போடுறம்.

அவைக்கும் இதில பயன் இருக்கோணும்தானே. கார்த் கிறீஸ் தொலைஞ்ச ஆக்கள் கனபேர். 30 வருசம் தாண்டின காருக்கு எஃப்எஃப்விஇ எண்ட பழைய வாகனச் சம்மேளனத்தின்ர அத்தாட்சி எடுத்தா பழைய காருக்கெண்டு உள்ள கலெக்சியோன் கார்த் கிறீஸ் போடலாம், கொந்த்ரோல் தெக்னிக் எண்ட வாகனப் பரிசோதனையும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இல்லாம அஞ்சு வருசத்துக்கு ஒருக்காப் போதும். அதுக்குக் கேக்கிற பிளேட் படம், அடிச்ச நம்பர் படம் எல்லாம் நாங்கள் எடுக்கிற அதே படம்தான், ஒரு பிரதியை அவையிட்டயே குடுத்திட்டு வாறம்.

பதிவில ஒவ்வொரு காருக்கும் ஆதாரத் தரம் ஒண்டு போடுறம். நம்பரைக் கண்ணால கண்டு படமும் இருந்தா முதலாந்தரம். கார்த் கிறீஸ் பிரதி மட்டும் இருந்தா ரெண்டாந்தரம், கடதாசி இருக்கெண்டதுக்காகக் கார் இருக்கெண்டு இல்ல. படமும் நம்பர் பிளேட்டும் மட்டுமெண்டா மூண்டு. ஆரோ சொன்னதெண்டா நாலு, அது கணக்கில சேராது, தேடுறதுக்கான குறிப்பு மட்டும். கடைசியாக் கண்ட திகதி கட்டாயம் போடோணும், 1996ல கண்ட கார் இண்டைக்கும் இருக்கெண்டு ஆரும் உறுதி சொல்லேலாது. செத்ததையும் அழிக்கிறேல்ல, எங்க உடைச்சது, என்ஜின் எந்தக் காருக்குப் போனது எண்டு எழுதி வைக்கிறம், அப்பதான் நாளைக்கு அந்தச் செசி நம்பரோட ஒரு கார் ஏலத்தில வந்து நிண்டா கேள்வி கேக்கலாம்.

எஸ்பி கார் இப்ப ஓரளவுக்குப் பிடிபட்டிட்டுது, இன்ஜெக்சன் எஸ்சியிலதான் இன்னும் ஓட்டை கூட. பாரிஸ் பக்கம் எங்கட ஆக்கள் கனபேர் பார்க்கிங் வேலை, பில்டிங் துப்பரவு வேலை செய்யிறீங்கள், பழைய சுஸ்-சோல்களில, அதாவது நிலக்கீழ் பார்க்கிங்குகளில, தூசி மூடின கார் உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். முன்னுக்கு முழு நீளக் கண்ணாடி, பின்னுக்குப் போகப் போக ஒடுங்கிற உடம்பு, நிலத்தோட ஒட்டிக் குந்தியிருக்கு எண்டா அநேகமா எஸ்எம்தான். தொடாதேங்கோ, கவரை முழுசாக் கழட்டாதேங்கோ, படம் எடுத்து வெளியில போடாதேங்கோ. நம்பர் பிளேட்டை மட்டும் ஒரு துண்டில குறிச்சுக்கொண்டு பில்டிங் காவல்காரரான கார்டியனிட்ட கேளுங்கோ சொந்தக்காரர் கதைக்க விருப்பமோ எண்டு, ஓமெண்டா எங்கட போன் நம்பரை அவரிட்டக் குடுங்கோ, அவர் எங்களுக்கு எடுக்கட்டும்.