பனி விழுமுன் எழுதிவைக்கும் ஸ்கீ இலக்குகள்

ஒஸ்லோவில் இலைகள் உதிர்ந்து முடிந்து, முதற்பனிக்காக ஊரே காத்திருக்கும் ஒக்டோபர் கடைசி வாரங்களில், வரவிருக்கும் ஸ்கீ பருவத்துக்கான என் இலக்குகளை எழுதிவைப்பது வழக்கம். நான் சொல்வது லிஃப்டில் ஏறிச் சரிவில் இறங்கும் அல்பைன் ஸ்கீயை அன்று. குதிகால் கட்டப்படாத மெல்லிய ஸ்கீகளுடன் காட்டுப் பாதைகளில் நெடுந்தூரம் செல்லும் ஸ்கீயை. இந்த ஆண்டு எழுத உட்கார்ந்தபோது எனக்கு நானே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டேன். வானிலை தீர்மானிக்கும் எதையும் இலக்காக எழுதுவதில்லை. என் உடலும் என் பயிற்சியும் தீர்மானிக்கக்கூடியவற்றை மட்டுமே எழுதுவது.

பொதுவாக இங்குள்ளவர்கள் பருவ இலக்கு என்றதும் சொல்வது மொத்தக் கிலோமீற்றர்களை. நோர்வேஜியர்களுக்கு அது பொருந்தலாம். பனி எங்கே இருக்கிறதோ அங்கே வார இறுதியில் சென்று தங்க அவர்களில் பலருக்கு மலையில் குடும்பக் குடில் இருக்கிறது. நகரத்தில் வேலை செய்து, மெட்ரோ ரயிலில் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு நூர்மார்க்கா காட்டுக்குச் செல்பவருக்குக் கிலோமீற்றர் என்பது பனி கொடுக்கும் வரம். மெட்ரோவின் கடைசி நிறுத்தமான ஃப்ரொக்னர்செத்தரன் கடல் மட்டத்திலிருந்து 469 மீற்றர் உயரத்தில் உள்ளது; அங்கே நல்ல பனி கிடக்கும் அதே நாளில், தாழ்வாக உள்ள சொக்ன்ஸ்வான் ஏரிக்கரையில் மழை பெய்து தடங்கள் கரைந்து ஓடும். 1883இல் தொடங்கப்பட்ட ஸ்கீஃபொரனிங்கன் என்ற சங்கம் நகரைச் சூழ்ந்த காடுகளில் 2,000 கிலோமீற்றருக்கும் அதிகமான பாதைகளை இயந்திரம் கொண்டு சீர்செய்து தருகிறது என்றாலும், இல்லாத பனியை அவர்களாலும் சீர்செய்ய முடியாது. ஜனவரியில் இரண்டு வாரம் வெப்பம் கூடினால் கிலோமீற்றர்க் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். அதனுடன் மனமும் சரிந்துவிடும்.

போட்டிகளுக்கும் இது பொருந்தும். ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீற்றர் செல்லும் பிர்க்கபைனர் போட்டியைப் பற்றி இங்கே அலுவலகங்களில் மார்ச் மாதம் வரை பேச்சு ஓயாது. உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், 1206இல், பிற்காலத்தில் அரசனான குழந்தை ஹோக்கோனைப் பிர்க்கபைனர் வீரர்கள் ஸ்கீயில் மலைகடந்து காப்பாற்றியதை நினைவுகூர்ந்து 1932 முதல் இது நடக்கிறது. அந்தக் குழந்தையின் நினைவாகப் போட்டியாளர் ஒவ்வொருவரும் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள முதுகுப்பையைச் சுமக்க வேண்டும். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். ஆயினும் 2014இல் மலையில் வீசிய கடுங்காற்றால் போட்டியே நிறுத்தப்பட்டது. ஓராண்டு உழைப்பை ஒரே நாளின் காற்றிடம் ஒப்படைக்க நான் விரும்பவில்லை. அதனால் பிர்க்கபைனர் எனக்கு ஒரு திசை. இந்தப் பருவத்தின் இலக்கு அன்று.

அந்தத் திசைதான் என் முதல் இலக்கையும் காட்டித் தந்தது. போட்டிப் பாதை ஷுஷோயன் என்ற மலையூரைத் தாண்டிய பிறகு பெரும்பாலும் இறக்கமாகவே லில்லஹாமருக்குள் செல்கிறது. நாற்பது கிலோமீற்றர் கடந்து தளர்ந்துபோன கால்களுடன், பலர் உழுதுவிட்ட தடங்களில் வேகமாக இறங்க வேண்டும். மூச்சுப் பலத்தை மட்டும் வளர்த்துக்கொண்டு அங்கே போய் நிற்பதில் பயனில்லை. ஆகவே இந்தப் பருவத்தில் என் பட்டியலின் தலையில் இருப்பது இறக்கம்: நடுத்தரமான ஒரு சரிவில், நானே தேர்ந்தெடுத்த இடத்தில் நிற்கக்கூடிய கட்டுப்பாட்டுடன் இறங்குவது.

வெப்ப நாட்டில் வளர்ந்து வயதுவந்த பின் ஸ்கீ கற்பவர்களுக்கு இதுவே மிகப் பெரிய தடை என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளைகள் இங்கே மழலையர் பள்ளியிலேயே சரிவுகளில் விழுந்தும் எழுந்தும் பழகிவிடுகிறார்கள். பள்ளியின் ஸ்கீ நாளில் நம் தமிழ்ப் பெற்றோர் பலர் சுடுநீர்க் குடுவையுடன் ஓரமாக நின்றுவிடுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்று ஆறலாம். இறக்கத்தில் அந்த வசதி இல்லை. காட்டுப் பாதை ஸ்கீகளில் பெரும்பாலானவற்றுக்கு எஃகு விளிம்பும் கிடையாது, குதிகாலும் கட்டப்பட்டிருப்பதில்லை. எனவே அல்பைன் சரிவில் தேறியவர்கூட இங்கே தடுமாறக்கூடும்.

பயிற்சி எளியது, ஆனால் பொறுமை கேட்பது. ஸ்கீகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி, உள்விளிம்புகளைப் பனியில் அழுத்தி வேகத்தைக் குறைப்பது அடிப்படை. சரிவில் ஸ்கீகள் செல்லும் பள்ளமாகத் தடம் வெட்டப்பட்டிருந்தால், ஒரு ஸ்கீயைத் தடத்திலேயே விட்டு, மற்றதை மட்டும் வெளியே எடுத்துச் சாய்த்து அழுத்துவது அடுத்த படி. இதைச் செய்யத் தெரிந்தவருக்குப் பாதி அச்சம் நீங்கிவிடும். முழங்கால்களோடு கணுக்கால்களையும் மடக்க வேண்டும். பயந்தவர் உடலைப் பின்னால் சாய்க்கிறார், எடை குதிகாலுக்குப் போகிறது, பிறகு ஸ்கீ அவர் சொல்வதைக் கேட்பதில்லை. பார்வை காலடியில் இல்லாமல் பத்துப் பதினைந்து மீற்றர் முன்னே இருக்க வேண்டும். நீண்ட பயணத்தின் நடுவே எதிர்ப்படும் சரிவுகளில் மட்டும் இதைப் பழகினால் கை வராது. ஆகவே ஒரே சிறு மேட்டில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதற்கென்றே தனி மாலைகளை ஒதுக்கப் போகிறேன். இறங்கி வருபவருக்கு ஏறுபவர் வழிவிட வேண்டும் என்பது பாதையின் விதி. ஏறும்போதெல்லாம் நானும் வலது ஓரத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ஒற்றைக் காலில் வழுக்கிச் செல்லும் சமநிலை. மாறிமாறிக் கால் உதைத்துச் செல்லும் கிளாசிக் முறையில், உடலின் எடை முழுவதும் ஒரு ஸ்கீயின் மேல் வந்து நின்றால்தான் உதையும் பிடிக்கும், வழுக்கலும் நீளும். கோல்களைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கால்களால் சமதரையில் போய்வருவதைவிடச் சிறந்த பயிற்சி இதற்கு இல்லை. ஒவ்வொரு பயணத்தின் முதற்பகுதியையும் இதற்கே கொடுப்பேன்.

மூன்றாவதாக எழுதியிருப்பது, பனியில் பிடி கிடைக்க ஸ்கீயின் அடியில் பூசும் மெழுகு. உதைக்கும் பகுதியில் மயிர்த்தோல் ஒட்டிய ஸ்கீகள் வந்த பிறகு பலர் மெழுகைக் கைவிட்டுவிட்டார்கள். வேலை முடிந்து அவசரமாகக் கிளம்பும் மாலைகளுக்கு அவை நல்லவைதான். ஆனால் மெழுகு பூசிப் பழகுபவர் பனியையே படிக்கக் கற்கிறார், எனக்கு அந்தப் படிப்பு வேண்டும். ஸ்கீயின் நடுப்பகுதி வில்போல மேலே வளைந்திருக்கிறது. உதைக்கும்போது அது அழுந்த, பனிப்பளிங்குகள் மெழுகில் ஒரு கணம் குத்திப் பிடிக்கின்றன; வழுக்கும்போது நடுப்பகுதி மேலெழும்பிப் பிடி விடுபடுகிறது. புதுப்பனியின் பளிங்குகள் கூர்மையானவை. குளிர் கூடக் கூட அவை கடினமாவதால், மெழுகும் கடினமாக வேண்டும். சுழியத்துக்குக் கீழே 1 முதல் 7 பாகை வரையிலான புதுப்பனிக்கு ஸ்விக்ஸ் நிறுவனத்தின் நீல எக்ஸ்ட்ரா மெழுகு என்பது இங்கே எல்லோரும் அறிந்த தொடக்கம். உருகி மீண்டும் உறைந்து பளிங்கின் கூர்மை போன பனியில் அது வழுக்கிவிடும். அங்கே பசைபோல ஒட்டும் கிளிஸ்டர்தான் பிடிக்கும். இந்தப் பருவத்தில் ஒவ்வொரு முறையும் வெளியே கிளம்புமுன் வெப்பநிலையையும் பனியின் தன்மையையும் பூசிய மெழுகையும் ஒரு கையேட்டில் குறித்துவைக்கப் போகிறேன். எந்தப் புத்தகமும் தராத அறிவு அதில் சேரும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வியும் உண்டு. டிசம்பரின் மிகக் குறுகிய நாட்களில் ஒஸ்லோவில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. சனிக்கிழமை பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்குப் போய்விடுகிறது. ஆனால் நகரைச் சுற்றி மின்விளக்குப் பொருத்திய பாதைகள் பல உள்ளன. ஆகவே வார நாள் மாலைகள் நுட்பத்துக்கு, ஞாயிறு குடும்பத்துடன் நீண்ட பயணத்துக்கு. அந்த நீண்ட பயணங்களை, பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியங்களில் பேசக்கூடிய வேகத்தில் மட்டுமே செல்வது என்றும் எழுதியிருக்கிறேன். 8 தங்கம் உட்பட 15 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற நோர்வே ஸ்கீ வீராங்கனை மரித் பியோர்கன்கூடத் தம் பயிற்சி நேரத்தின் மிகப் பெரும்பகுதியை மிதமான உழைப்பிலேயே கழித்திருக்கிறார். எப்போதாவது கிடைக்கும் ஒரு நாளில் முழு வேகத்தில் போய், மறுநாள் எழ முடியாமல் கிடப்பதில் எந்த வளர்ச்சியும் இல்லை.

கடைசி இலக்கு ஈஸ்டர் விடுமுறைக்கானது. நாடே மலைக்குச் செல்லும் அந்த வாரத்தில் நாங்களும் மரங்களற்ற உயர்ந்த வெளிக்குப் போகத் திட்டமிட்டுள்ளோம். 1967ஆம் ஆண்டு ஈஸ்டரில் மலைகளில் பலர் உயிரிழந்ததை அடுத்து இங்கே நாடெங்கும் பரப்பப்பட்ட மலை விதிகளில், நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்றும் ஒன்று இருக்கிறது. மலையில் நின்று, களைத்தும் குளிர்ந்தும் இருக்கும் வேளையில் அந்த முடிவை எடுப்பது கடினம். எனவே அதை முன்கூட்டியே எடுத்துவிடுவதைத்தான் இலக்காக எழுதினேன். நோர்வே மலைநடைச் சங்கம் மரக்கிளைகள் நட்டு வழி குறிக்கும் பாதையை விட்டு விலகுவதில்லை. அடுத்த குடிலை எட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பிற்பகல் 1 மணிக்கு வந்த வழியே திரும்புவது. இதைக் குடும்பத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மகள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.