கலைவிழாவில் ஒன்பது நாள் வேலை, சம்பளத்துக்கு 58 நாள்

போன செவ்வாய்க்கிழமை காலையில்தான் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் பேநவ்வில் 682 சிங்கப்பூர் வெள்ளி வந்து சேர்ந்தது. விழா முடிந்து 58 நாள் ஆகியிருந்தது. கைப்பேசியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சின்னத் தொகைதானே என்று வீட்டில்கூடச் சொன்னார்கள். ஒன்பது நாள் கால் கடுக்க நின்று சம்பாதித்த காசு அது. என்னைப் போல முதல் தடவை இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு இதே நிலை வரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் முழுநேர வேலை எனக்குச் சரிவராது. விழா வேலை தோதாக இருக்கும் என்று பட்டது. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது. ஏப்ரலில் தமிழ் மொழி விழா, மே மாதம் அனைத்துலகக் கலை விழா, பெரும்பாலும் ஆகஸ்டில் பிராஸ் பசா பக்கம் இரவு விழா, நவம்பரில் எழுத்தாளர் விழா, எஸ்பிளனேடில் கலா உத்சவம். ஆள் எடுப்பது ஒன்றிரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடும். ஆனால் வழிகாட்டி நிற்பது, டிக்கெட் சரிபார்ப்பது, கூட்டத்தைச் சமாளிப்பது போன்ற பல வேலைகளுக்கு விழா நடத்துகிறவர்கள் நேரடியாக ஆள் எடுப்பதில்லை. நடுவில் ஒரு நிகழ்ச்சி நிறுவனம், அதற்குக் கீழே ஓர் ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனம். எனக்கு வேலை டெலிகிராமில் வந்த ஓர் அறிவிப்பு வழியாகக் கிடைத்தது. மணிக்கு 11 வெள்ளி. படிவத்தை நிரப்பி அனுப்பிய மறுநாளே ‘வாருங்கள்’ என்று பதில்.

சிக்கல் விளக்கக் கூட்டத்தன்றே ஆரம்பித்தது. ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஊபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் பயணம். ‘கறுப்புக் காலணி’ என்று மட்டும்தான் செய்தியில் இருந்தது. நான் போட்டிருந்ததும் கறுப்புதான். ஆனால் முன்பக்கம் திறந்திருந்தது. வாசலிலேயே நிறுத்தி, பாதுகாப்பு விதி, உள்ளே விட முடியாது என்று அங்கே நின்ற பையன் சொல்லிவிட்டான். ஒப்பந்தத்தில் கையெழுத்து? முதல் நாள் வேலைக்கு வரும்போது போட்டுக்கொள்ளலாமாம். வந்த வழியே திரும்பினேன். எங்கே போனாலும் முன்பக்கம் மூடிய, ரப்பர் அடிப்பாகம் உள்ள, வெள்ளைக் கோடுகூட இல்லாத முழுக் கறுப்புக் காலணியோடு போங்கள்.

அன்றைக்குப் போடாத கையெழுத்துதான் பிறகு என்னைப் படுத்தியது. முதல் நாள் வேலை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வரிசையில் நிற்கவைத்து ஒரு டேப்லெட்டை நீட்டினார்கள். எனக்குப் பின்னால் இருபது பேர். விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். பிரதி தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். எங்கள் புளோக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் திருச்சிப் பெண் ஒருத்தி தனியார் பள்ளியில் படிக்கிறாள், மாணவர் அனுமதியில் இருக்கிறாள். அவளும் என்னோடு விண்ணப்பித்தாள். மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களில் முழுநேரம் படிப்பவர்கள்தான் படிப்புக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அவள் பள்ளி அதில் இல்லை. “பரவாயில்லை, யாரும் கேட்க மாட்டார்கள்” என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். மாட்டினால் படிப்பே போய்விடும்.

வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் மேடைக்குப் பின்னாலிருந்து வாக்கி டாக்கியில் ‘தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா’ என்று கேட்டார்கள். போனேன். ஊரிலிருந்து வந்திருந்த நாதஸ்வரக் குழு. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். மேடை மேலாளர் ‘ஐந்து நிமிடம்’ என்று கை காட்டிக்கொண்டே இருக்கிறார். தவில்காரர்களோ அப்போதுதான் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதை அவசரப்படுத்த முடியாது. குளிரூட்டிக் காற்றில் சீவாளி, அதாவது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதி, காய்ந்துவிடுகிறது என்று குழுவின் பெரியவருக்குக் கவலை. அதைவிடப் பெரிய பிரச்சினை காலணி. மேடையில் வெறுங்காலோடு யாரும் ஏறக் கூடாது என்பது அங்கே விதி. பெரியவர், “வாத்தியம் வாசிக்கிற இடத்துல செருப்பா? அது மட்டும் முடியாதும்மா” என்று சொல்லிவிட்டார்.

இரண்டு பக்கமும் கோபத்தில் பேசவில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். விரல் கூடு என்றால் என்ன, ஏன் நேரமாகும் என்று மேலாளரிடம் விளக்கினேன். பதினைந்து நிமிடம் கொடுத்தார். தரையைக் கூட்டித் துடைத்து, கேபிள்களை எல்லாம் டேப் போட்டு ஒட்டி, பக்கத் திரை வரை காலணியோடு வந்து அங்கே கழற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது. அவர்கள் வாசித்த மல்லாரி இசையைக் கேட்டபோது திரை ஓரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து கடைசி நாள் வரை என்னைக் கலைஞர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் போட்டார்கள். சைவச் சாப்பாட்டுப் பொட்டலம், ஒலிச் சோதனை நேரம், ஹோட்டல் வேன் எல்லாம் என் தலையில். சம்பளம் மட்டும் அதே 11 வெள்ளி. அதே பொறுப்பைப் பார்த்த மற்றவர்களுக்கு 15 என்று பிறகுதான் தெரிந்தது. பொறுப்பு மாறும் அன்றே சம்பளத்தைக் கேட்டுவிட வேண்டும், நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கடைசி நாள் மேடையைக் கலைத்து முடிக்க இரவு ஒரு மணி. எம்ஆர்டி கிடையாது. நள்ளிரவு தாண்டினால் டாக்சி மீட்டரில் பாதிக் கட்டணம் கூடுதலாக ஏறும். போக்குவரத்துக் காசு தருவார்களா என்று முன்பே கேளுங்கள். எனக்குத் தரவில்லை.

அப்புறம்தான் காத்திருப்பு. முதலில் 30 நாள் என்றார்கள். பிறகு 45. பிறகு பொறுப்பாளர் விடுப்பில் போய்விட்டார் என்றார்கள். ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு நாலு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு வந்தது. அதில் நான் ஊழியர் இல்லை, சொந்தமாகத் தொழில் செய்பவர் என்று எழுதியிருந்தது. ஊழியராக இருந்தால் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும், சம்பளச் சீட்டு தர வேண்டும், மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தால் முதலாளி மசேநி, அதாவது மத்திய சேம நிதி, கட்ட வேண்டும். என் வயதுக்கு 17 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 116 வெள்ளி. ஒரே வரியில் எல்லாவற்றையும் தாண்டிவிடப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஒருவர் ஊழியரா இல்லையா என்பதைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. நேரம் யார் குறித்தது, சட்டை யார் கொடுத்தது, யார் மேற்பார்வையில் வேலை நடந்தது என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நல்ல வேளை, வேலை நேர அட்டவணையின் படங்கள், வாட்ஸ்அப் செய்திகள், தினமும் நான் குறித்துவைத்த நேரம் எல்லாம் கையில் இருந்தன. அவற்றை ஒரே மின்னஞ்சலில் வரிசையாக வைத்து, இந்த வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் டிஏடிஎம் அமைப்பில் புகார் கொடுப்பேன் என்று எழுதினேன். மிரட்டவில்லை, நிஜமாகவே படிவத்தைத் திறந்து வைத்திருந்தேன். வேலையை விட்ட 6 மாதத்துக்குள் ஊழியர்கள் சம்பளப் புகார் கொடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். மூன்றாம் நாள் காசு வந்துவிட்டது.

மசேநி இன்னும் வரவில்லை. மசேநி கழகத்திடம் தெரிவித்திருக்கிறேன், அட்டவணைப் படங்களைக் கேட்டார்கள், அனுப்பிவிட்டேன். இதற்கிடையில் அந்த மேடை மேலாளர் வேறொரு விழாவுக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார். கலைஞர்களைக் கவனிக்கும் வேலை, மணிக்கு 15 வெள்ளி. சரி என்று சொல்வதற்கு முன் ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன். இரண்டு பக்கம். ஊழியர் என்று போட்டிருக்கிறது, சம்பளத் தேதியும் இருக்கிறது. நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.