கதவைத் திருப்பிப் போட்ட கதை

ஆறாம் வகுப்பில் என் முதல் சமூகப் பிரச்சினை புராஜெக்ட், பிளாஸ்டிக் ஒழிப்பு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்திருந்த புதிது. தெர்மாகோலை அறுத்து பூமி உருண்டை செய்து, அது அழுவதுபோல் கண்ணும் வரைந்தேன். தடைப் பட்டியலில் தெர்மாகோல் தட்டும் இருந்தது எனக்கும் உறைக்கவில்லை, மார்க் போட்ட மிஸ்ஸுக்கும் உறைக்கவில்லை. பத்துக்குப் பத்து.

ஒன்பதாம் வகுப்பில், கையை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி. யூடியூப் பார்த்து அர்டுயினோ என்கிற குட்டி கணினிப் பலகை, சென்சார், குட்டி மோட்டார் எல்லாம் மாட்டினோம். கண்காட்சி முடியும்வரை நன்றாகவே திறந்தது. எங்கள் வராண்டாவில் தொட்டியே கிடையாது, அதனால்தான் குப்பை தரையில் கிடந்தது. அது வேறு விஷயம்.

ப்ளஸ் ஒன்னில் குழுவாகச் செய்யச் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் ஒரு தோழி சக்கர நாற்காலியில் வருவாள். பள்ளியில் சாய்தளம் இருக்கிறது. எங்கள் பள்ளி வாக்குச்சாவடி என்பதால் தேர்தல் சமயத்தில் கட்டியது. ஆனால் இரண்டு பேர் தள்ளினால்தான் அவளால் ஏற முடியும். அதையே எடுத்துக்கொண்டோம்.

டேப் வைத்து அளந்தோம். வராண்டா உயரம் 48 சென்டிமீட்டர், சாய்தளத்தின் நீளம் 180. அரசின் வழிகாட்டு விதிப்படி ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். அப்படியானால் 5 மீட்டர் 76 சென்டிமீட்டர். நேராக இழுத்தால் கொடிக்கம்பத்தில் போய் முட்டும். அதனால் நடுவில் ஒன்றரை மீட்டர் சதுரத்துக்குச் சமதளம் விட்டு, 'ட' மாதிரி மடக்கி வரைந்தோம். எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் மாமா. படத்தைப் பார்த்துவிட்டு, "தரையே வாட்டமா இருக்கும் பாப்பா, முதல்ல மட்டம் பாத்தியா?" என்றார். டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளிலும் பிடித்துக் காட்டினார். அவர் சொன்னது சரிதான், கொடிக்கம்பம் பக்கம் தரை 6 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் முடிகிற சாய்தளத்துக்கு இன்னும் 72 சென்டிமீட்டர் நீளம் கூடியது. சிமென்ட் காய்வதற்குள் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் மழையில் வழுக்காது என்பதையும் அவர்தான் சொன்னார். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

படம், கணக்கு எல்லாம் முடித்த பிறகுதான் அவளிடம் காட்டினோம். ஆமாம், முடித்த பிறகு. இன்றுவரை எனக்குக் கூச்சமாக இருப்பது அதுதான்.

பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏத்திவிடத்தான் நீங்கல்லாம் இருக்கீங்களே. பாத்ரூம்தான் கஷ்டம்" என்றாள்.

கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. நாற்காலியோடு உள்ளே போனால் கதவு நாற்காலியில் இடிக்கும், சாத்த முடியாது. யாராவது வாசலில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தினமும் யாரைக் கூப்பிடுவது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாளாம். ஐந்து வருஷமாக ஒரே வகுப்பு. மதியம் சாப்பிடும்போது அவள் டம்ளர் காலியாகவே இருந்ததை நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

அன்றே கதவு நிலையின் அகலத்தை அளந்தோம். 74 சென்டிமீட்டர். விதிப்படி 90 இருக்க வேண்டும். ஆனால் அவள் நாற்காலியின் அகலம் 64தான், நுழைந்துவிடும். நிலையை இடிக்கத் தேவையில்லை, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி திருப்பி மாட்டினால் போதும். தச்சர் கீலைக் கழற்றி மாட்ட 350 ரூபாய் கேட்டார். குழுவில் ஐந்து பேர், ஆளுக்கு எழுபது. தாழ்ப்பாளை மட்டும் அவள் உட்கார்ந்தபடி கையை நீட்டிக் காட்டிய உயரத்தில் வைக்கச் சொன்னோம்.

கண்காட்சியில் வைக்க எங்களிடம் பளபளப்பாக எதுவும் இல்லை. கதவின் போட்டோ, இரண்டு வரைபடம், ஒரு டியூப். நடுவராக வந்த சார், "இதுல உங்க கண்டுபிடிப்பு என்னம்மா?" என்று கேட்டார். கதவு என்றேன். பக்கத்து மேசையில் சென்சார் வைத்த குப்பைத்தொட்டி இருந்தது. பரிசு அதற்குத்தான். எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும். இரண்டு வருஷம் முன்னால் அந்த மேசையில் நின்றவள் நான்தானே.

சாய்தளத்தை விட மனசு வரவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதி, எங்கள் வரைபடத்தையும் இணைத்து பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்தோம். கூட்டத்தில் ஓர் அம்மா மட்டும், "இதுல தள்ளுவண்டியும் ஏறுமா? சத்துணவு அரிசி மூட்டைய வேற யாரு தூக்குறது?" என்று கேட்டார். தீர்மானம் நிறைவேற அந்தக் கேள்விதான் உதவியது என்று நினைக்கிறேன்.

இப்போது ப்ளஸ் டூ. போன வாரம் மணலும் ஜல்லியும் வந்து இறங்கின. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கயிறு கட்டிக் குறி போட்டிருந்தார்கள். டேப்பை எடுத்து அளந்தேன். மொத்தமே 4 மீட்டர் 20. மடக்கும் இல்லை, நடுவில் சமதளமும் இல்லை. மறுநாள் காலை பிரேயருக்கு முன்னாலேயே வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஹெச்.எம். அறை வாசலில் நின்றேன். அவளும் வந்திருந்தாள்.