இரண்டரைக் கிலோ உருளையில் 200 கிராம் எங்கே போனது?

தொலைகாட்டிக்கு எதிர்நிறை ஒன்று தேவைப்பட்டது. இரண்டரைக் கிலோ இல்லாவிட்டால் குழாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நிறையைத் தள்ளிவைத்துச் சமாளிக்கலாமென்றால் அதை மாட்டும் கம்பி குட்டை. பழைய இரும்புக் கடையொன்றில் 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டு கிடந்தது. "உருக்குத்தான் தம்பி, நம்பிக் கொண்டுபோம்" என்றார் கடைக்காரர்.

சாதாரண தரக் கணக்குத்தான். ஆரை 3 சென்ரிமீற்றர், முகப்பரப்பு 28.27 சதுர சென்ரிமீற்றர். உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம். ஆகவே ஒரு சென்ரிமீற்றர் நீளம் 222 கிராம், 11.3 வெட்டினால் இரண்டரைக் கிலோ. முதல் தடவை ஆரைக்குப் பதில் விட்டத்தைப் போட்டு நாலு மடங்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் விட்ட அதே பிழை! கம்பி விற்பவர்களின் குறுக்குவழியாலும் பார்த்தேன்: மில்லிமீற்றரில் விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் உருக்குத் தண்டு மீற்றருக்கு எத்தனை கிலோ என்று வரும். 3600 ஐ வகுக்க 22.2. சரி, பொருந்துகிறது.

கொக்குவிலில் ஒரு லேத் பட்டறையில் வெட்டுவித்து, வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் அக்காவின் தராசில் வைத்தேன். "என்ன தம்பி, இது எந்த ஊர்க் கிழங்கு?" என்று சிரித்தார். தராசு காட்டியது 2.300.

வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்ப அளந்தேன். அளவில் பிழையில்லை. அப்புறம்தான் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். கனவளவு 319.5, 2300 ஐ அதால் வகுக்க 7.2. அது வார்ப்பிரும்பின் அடர்த்தி! பட்டறையில் தண்டின் வெட்டுமுகத்தைச் சீவும்போது இரும்பு சுருள் சுருளாக வராமல் கறுப்புத் தூளாகக் கொட்டியதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உருக்கென்றால் சுருள் வந்திருக்கும். தராசு சொன்ன பிறகுதான் மண்டையில் ஏறியது.

இந்த இரும்பில் ஒரு சென்ரிமீற்றர் 204 கிராம். மிச்சத் தண்டில் ஒரு சென்ரிமீற்றர் வில்லை வெட்டிச் சேர்த்தால் போதும் என்று சோக்கால் கோடும் போட்டுவிட்டேன். அப்போதுதான் துளை ஞாபகம் வந்தது. கம்பி நுழைய நடுவில் 12 மில்லிமீற்றர் துளைக்க வேண்டும். விட்டத்தில் ஐந்தில் ஒன்று என்றால் பரப்பில் இருபத்தைந்தில் ஒன்று. இரண்டரைக் கிலோவில் 100 கிராம் தூளாகப் போகும். கோட்டை அழித்து ஒன்றரைச் சென்ரிமீற்றரில் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை பட்டறை திறந்ததும் துளைப்பும் வெட்டும் ஒன்றாக.